காலை ஆறு மணிக்குக் கணினிக்கும் பிரட்டு உண்டு, தெரியுமா?

புதிய விண்டோஸ் கணினி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து முதன்முறையாக இயக்குகிறீர்கள். நீங்கள் இன்னும் ஒரு வேலையும் சொல்லவில்லை. அதற்குள்ளாகவே நூற்றுக்கு மேற்பட்ட வேலைகள் அதன் வயிற்றுக்குள் முறை பார்த்துக் காத்திருக்கின்றன, தெரியுமா? வட்டைச் சீர்ப்படுத்த ஒன்று, கடிகாரத்தை இணைய நேரத்தோடு ஒத்துப்பார்க்க ஒன்று, குப்பைக் கோப்புகளைக் கூட்டித்தள்ள ஒன்று! இவற்றையெல்லாம் நேரம் தவறாமல் ஏவி விடுவது டாஸ்க் ஷெட்யூலர் என்ற சேவை. அவிசாவளையில் மடிகணினி வாங்கித் தெரணியகலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் பிள்ளைக்கும் அது கூடவே வருகிறது. மேலதிகமாக ஒரு சதம் கொடுக்க வேண்டியதில்லை. 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது நிலைமை வேறு. சிஸ்டம் ஏஜென்ட் என்ற பெயரில் இதே வசதியை ‘பிளஸ்!’ என்ற தனிப் பொதியில் வைத்துத் தனி விலைக்கு விற்றார்கள்!

சப்ரகமுவத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகவே இராது. விடியலில் தப்படித்து லயத்தை எழுப்பிய காலந்தொட்டு, தோட்டத்தின் நாள், ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்களத்தில்தான் தொடங்குகிறது. யார், எந்த மலை, என்ன வேலை? ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து, அதற்கு மேலே கவ்வாத்து, கீழே கான்வெட்டு. மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பதும் அங்கேயே முடிவாகும். பிறகு செக்ரோல் என்ற பதிவேட்டில் பேர், அதாவது நாள்வேலை, விழும், அரைப் பேரா முழுப் பேரா என்ற கணக்கோடு. டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பாருங்கள், அப்படியே அந்தப் பிரட்டு! எப்போது என்பதற்கு டிரிகர், என்ன வேலை என்பதற்கு ஆக்‌ஷன், யார் பெயரில் என்பதற்குப் பிரின்சிபல், எந்த நிலைமையில் என்பதற்குக் கண்டிஷன், நடந்ததா இல்லையா என்பதற்கு ஹிஸ்டரி. கணக்கப்பிள்ளைமார் நூறு வருடத்துக்கு மேலாகக் கையால் எழுதிவந்த ஒழுங்கு இது.

இன்னும் வியப்பான ஒரு ஒற்றுமை, இறப்பர் மலைகளில் இருக்கிறது. கேகாலை மாவட்டம் இலங்கையின் முக்கியமான இறப்பர் மாவட்டங்களில் ஒன்று. அங்கே பால்வெட்டு எப்போது நடக்க வேண்டும் என்பதை எழுத உலகம் முழுவதும் ஒரே குறியீடு உண்டு, தெரியுமா? ‘எஸ்/2 டி2 6டி/7’ என்று எழுதினால், மரத்தைச் சுற்றிப் பாதிச் சுருளாக வெட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை வெட்டு, ஏழு நாளில் ஆறு நாள்தான் வேலை என்று பொருள். பிரேசிலில் படித்தாலும் மலேசியாவில் படித்தாலும் அகலவத்தை டார்ட்டன்பீல்டிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிறுவகத்தில் படித்தாலும் அதே பொருள்தான்.

இப்போது இந்த வரியைப் பாருங்கள்: 0 6 * * 1-6. யூனிக்ஸ் இயங்குதளத்தின் ‘க்ரான்’ என்ற நேரக்காவலனுக்குக் கொடுக்கும் கட்டளை இது. முதலில் நிமிடம், அடுத்தது மணி, பிறகு மாதத்தின் தேதி, மாதம், கிழமை. திங்கள் முதல் சனி வரை காலை ஆறு மணிக்கு வேலையைத் தொடங்கு என்கிறது. ஒரு தோட்டத்தின் பிரட்டு நேரம் முழுவதும் ஐந்தே கட்டங்களில் அடங்கிவிட்டது! 1970களில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த க்ரான், இன்றைக்கும் உலகத்தின் கணக்கற்ற கணினிகளில் ஒவ்வொரு நிமிடமும் விழித்துப் பட்டியலைப் பார்த்துவிட்டு மறுபடி உறங்குகிறது. லினக்ஸில் சிஸ்டம்டி டைமரும், மேக்கில் 2005இல் வந்த லாஞ்ச்டியும் அதன் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டன.

விடியலில் பால்வெட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்குமுன் பால்நாளங்களில் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். ஆனால் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு விலகிச் சிரட்டைக்கு வராமல் மழைநீரோடு வழிந்துபோகும், அன்றைய வெட்டு வீண். நேரம் வந்தால் மட்டும் போதாது, நிலைமையும் சரியாக இருக்க வேண்டும். டாஸ்க் ஷெட்யூலரிலும் இப்படித்தான். மின்சாரம் இருந்தால் மட்டும், வலையமைப்பு இருந்தால் மட்டும், கணினி சும்மா இருந்தால் மட்டும் என்று நிபந்தனை போடலாம். நேரமே இல்லாமல், ஒரு நிகழ்வு நடந்தவுடன் ஓடு என்றும் சொல்லலாம்!

சரி, இதைக் கையால் சுட்டிச் சொடுக்கி அமைப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. ஒரு நிரலே இன்னொரு பணியை உருவாக்கி, நேரம் குறித்து, உடனே ஓடவும் விடலாம் என்பது தெரியுமா? அதற்குப் பெரிய மென்பொருள் நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. தோட்ட அலுவலகத்து எக்செல் போதும்! எக்செல் மேக்ரோவுக்குள் ‘ஷெட்யூல்.சர்வீஸ்’ என்ற பொருளை உருவாக்குங்கள். ‘கனெக்ட்’ சொல்லிச் சேவையோடு இணையுங்கள். ‘கெட்ஃபோல்டர்’ மூலம் கோப்புறையை எடுங்கள். ‘நியூடாஸ்க்’ சொன்னால் வெற்றுப் படிவம் ஒன்று கைக்கு வரும். அதில் டிரிகரைச் சேர்க்க ஓர் எண் கொடுக்க வேண்டும்: ஒரே தடவைக்கு 1, தினசரி 2, வாராந்தம் 3, மாதாந்தம் 4, கணினி தொடங்கும்போது 8, ஆள் உள்நுழையும்போது 9. ஆக்‌ஷனில் ஓடவேண்டிய நிரலின் பாதை. கடைசியில் ‘ரெஜிஸ்டர்டாஸ்க்டெஃபினிஷன்’, அதனோடு 6 என்ற எண். ஏன் 6? இல்லாவிட்டால் புதிதாக உருவாக்கு, ஏற்கெனவே இருந்தால் புதுப்பி என்பது அதன் பொருள். அங்கே 2 கொடுத்தால் முதல் தடவை நன்றாக ஓடும். இரண்டாம் தடவை, பணி ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். பைதானிலும் சி ஷார்ப்பிலும் இதே படிகள்தான்.

பதிவானதும் அந்தப் பணி எங்கே போய் உட்காருகிறது? விண்டோஸ் கோப்புறையில், சிஸ்டம்32க்குள், ‘டாஸ்க்ஸ்’ என்ற இடத்தில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக. விஸ்டா காலத்திலிருந்து இந்த ஏற்பாடு. நோட்பேடில் திறந்தால் மனிதக் கண்ணால் வாசிக்கலாம்! பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்பது அதில் ‘பிடி15எம்’ என்று இருக்கும். சம்பளக் கணக்குப் பணியை ஒரு தோட்டத்துக் கணினியில் ஒழுங்காக எழுதிவிட்டால், அந்தக் கோப்பை ஏற்றுமதி செய்து பக்கத்துத் தோட்டத்துக் கணினியில் அப்படியே இறக்கலாம்.

சம்பளம் என்றதும் ஒரு விஷயம். தோட்டத்தில் மாதச் சம்பளம் பத்தாம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதம், நிருவாகத்திடமிருந்து 12 வீதம்; ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிருவாகம் மட்டும் 3 வீதம். சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டினது. இவ்வளவும் ஆண்டு முழுவதும் மாறாத தேதிகள், மாறாத வீதங்கள். மனித ஞாபகத்தை நம்பவே தேவையில்லாத வேலை! ஒன்பதாம் தேதி இரவு செக்ரோல் கோப்பைப் பிரதியெடுத்து வை, பத்தாம் தேதி காலை விடுபட்ட பேர்களைப் பட்டியலிடு என்று சொல்லிவைத்தால் போதும். ஆனால் இங்கே ஒரு பொறி. பவர்ஷெல்லில் மூன்றே வரிகளில் பணியை உருவாக்கலாம் என்று கேள்விப்பட்டு அதைத் திறப்பீர்கள். அதன் டிரிகர் கட்டளையில் தினசரி உண்டு, வாராந்தம் உண்டு, மாதாந்தம் இல்லை! மாதத்தில் ஒரு நாள் வேண்டுமென்றால் மேலே சொன்ன எக்செல் வழியில் 4 கொடுக்க வேண்டும், அல்லது ‘எஸ்சிஎச்டாஸ்க்ஸ்’ என்ற பழைய கட்டளையில் மாதாந்தம் என்று சொல்லித் தேதி 10 என்று குறிக்க வேண்டும். இன்னொன்று: 31ஆம் தேதி என்று குறித்த பணி, முப்பது நாள் மாதங்களில் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். மாதக் கடைசி நாள் என்று தனியாகவே ஒரு தெரிவு இருக்கிறது, அதை எடுங்கள்.

இனிச் சொல்லப்போவதைக் கேட்டால் மூக்கில் விரல் வைப்பீர்கள். 2006 ஏப்ரல் 15ஆம் தேதி, சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், இலங்கையில் நள்ளிரவு 12 மணி முதல் 12.30 வரையிலான அரைமணி நேரம் இரண்டு தடவை வந்தது, தெரியுமா? மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்று 1996 மே 25இல் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னால் தள்ளியது. இருட்டிலே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கிறது என்ற முறைப்பாடு எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அரைமணி பின்னுக்கு வந்தார்கள். பத்து வருடம் கழித்து மீதி அரைமணியையும் பின்னுக்கு இழுத்தபோதுதான் 12.30 தொட்ட கடிகாரம் மறுபடி 12 ஆனது. வடக்கில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவேயில்லை. ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடியது!

அன்று 12.15க்கு ஒரு பணியைக் குறித்துவைத்த கணினியை நினைத்துப் பாருங்கள். அந்த நிமிடம் இரண்டு தடவை வருகிறது. ஒரு சம்பளக் கோப்பில் அன்றைய பேர்களைக் கூட்டும் வேலையாக அது இருந்தால்? அதனால்தான் பின்னாளைய க்ரான் பதிப்புகள், மூன்று மணிநேரத்துக்குட்பட்ட கடிகாரத் தாவலைக் கண்டுபிடித்து, ஓடிய வேலையை மறுபடி ஓடவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. உலகக் கணினிகள் பயன்படுத்தும் நேரவலயத் தரவுத்தளத்தில் ‘ஏசியா/கொழும்பு’ என்ற பதிவில் இந்த வரலாறு முழுவதும், இரண்டாம் உலகப்போர்க் கால மாற்றங்கள் உட்பட, பதிந்திருக்கிறது. விண்டோஸின் நேரவலயப் பட்டியலிலும் கிரீனிச் நேரத்திலிருந்து சென்னைக்கும் நமக்கும் ஒரே ஐந்தரை மணிநேர வித்தியாசம்தான். ஆனாலும் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று நமக்குத் தனி வரி! அசாம் தேயிலைத் தோட்டங்களில் இந்திய நேரத்தைவிட ஒரு மணிநேரம் முந்திய ‘பாகான் நேரம்’ இன்றைக்கும் புழங்குகிறது. அந்தத் தோட்ட அலுவலகங்களில் காலை ஆறுக்குப் பணி குறிப்பவர், எந்த ஆறு என்று இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

நேரம் சரியாக இருந்தும் கரண்ட் இல்லாவிட்டால்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யார் மறப்பார்கள்! 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடே இருண்டுபோனது என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். இப்படிப்பட்ட ஊரில் டாஸ்க் ஷெட்யூலரின் மூன்று தெரிவுகளைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மடிகணினி பற்றரியில் இருந்தால் பணியைத் தொடங்காதே என்பது முதலாவது. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் நிறுத்து என்பது இரண்டாவது. இந்த இரண்டும் நீங்கள் கேட்காமலே இயல்பாகவே போடப்பட்டிருக்கும்! தவறவிட்ட பணியை வாய்ப்புக் கிடைத்தவுடன் ஓடவிடு என்பது மூன்றாவது. நமக்கு மிகவும் வேண்டியது அதுதான், அது இயல்பாகப் போடப்பட்டிருக்காது! ஆறு மணிக்குக் கரண்ட் இல்லை, ஏழு மணிக்கு வந்தது என்றால், ஆறு மணிப் பணி அடுத்த நாள்வரை நடக்கவே நடக்காது. நிரல் எழுதுபவர் இந்த மூன்றையும் தாமாக மாற்றி எழுத வேண்டும். மேக்கின் லாஞ்ச்டி, கணினி உறங்கியபோது தவறிய வேலைகளை எழுந்ததும் ஒரே தடவையாகச் சேர்த்து ஓட்டிவிடுகிறது. லினக்ஸில் ‘பெர்சிஸ்டன்ட்’ என்ற ஒற்றை வரி அதே காரியத்தைச் செய்கிறது.

இனி மழை. இதை மெதுவாகவே சொல்ல வேண்டும். 2016 மே 17ஆம் தேதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹனவிலும் தோட்டக் குடியிருப்பு மண்ணுக்குள் போனது. இரத்தினபுரியும் கேகாலையும் மண்சரிவு அபாயம் மிகுந்த மாவட்டங்கள். 24 மணிநேரத்தில் பெய்யும் மழையை வைத்துத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கைப் படிகளை வகுத்திருக்கிறது: 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார்நிலை, 150 தாண்டினால் வெளியேற்றம். இதற்கு வேண்டியதெல்லாம் ஒரு மழைமானி, ஒரு கூட்டல், இடைவிடாத கவனம். அந்த இடைவிடாத கவனத்தைத்தான் கணினி தர முடியும்! பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மழைமானியின் கோப்பைப் படி, கடந்த 24 மணிநேரத்தைக் கூட்டு, 75ஐத் தொட்டால் மணியடி. பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுதக்கூடிய நிரல்.

ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து தெரியுமா? முந்தைய ஓட்டம் இன்னும் முடியவில்லையென்றால் புதியதைத் தொடங்காதே என்பது டாஸ்க் ஷெட்யூலரின் இயல்பு. ஒரு பணி அதிகபட்சம் 72 மணிநேரம் ஓடலாம் என்பது அதன் இன்னொரு இயல்பு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கேபிள் கழன்று மழைமானி பதில் சொல்லாமல் நிரல் மாட்டிக்கொண்டால், அடுத்து வரவேண்டிய ஒவ்வொரு ஓட்டமும் தள்ளுபடி, மூன்று நாளைக்கு! திரையில் ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்றே காட்டும். மூன்று நாளில் மலை என்னவாகும்? எனவே ஓட்ட எல்லையை ‘பிடி5எம்’ என்று ஐந்து நிமிடமாகக் குறையுங்கள். மழை பூச்சியமாக இருந்தாலும் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு வரி பதிவு எழுதச் சொல்லுங்கள். வரி வரவில்லையென்றால் அதுவே எச்சரிக்கை. கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவிப்பு வந்தால் கணினி என்ன சொன்னாலும் லயத்தை விட்டு இறங்குங்கள்; இந்த ஏற்பாடு அதற்கு மேலதிகம் மட்டுமே.

பணி ஓடியதாகச் சொல்கிறது, கோப்பைக் காணோம் என்று தவிக்கிறீர்களா? பணிக்குத் தொடங்கும் கோப்புறையைச் சொல்லாவிட்டால் அது சிஸ்டம்32க்குள் நின்றுகொண்டு வேலை செய்யும். முழுப் பாதையைக் கொடுங்கள்.

ஒருபோதும் ஓடாத பணியின் ‘கடைசியாக ஓடிய நாள்’ என்னவென்று பாருங்கள்: 1999 நவம்பர் 30, நள்ளிரவு! அருகில் 267011 என்ற எண். உங்கள் கணினி பிறப்பதற்கு முன்பே பணி ஓடிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், இன்னும் ஓடவில்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். 267009 என்றால் ஓடிக்கொண்டிருக்கிறது. 0 என்றால் நல்லபடி முடிந்தது.

பணிப்பட்டியல் எவ்வளவு வலிமையானது என்பதற்கு உலகை உலுக்கிய சான்று ஒன்று உண்டு. ஈரானின் நதான்ஸ் அணுநிலையத்தைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட், 2010இல் வெளிச்சத்துக்கு வந்த தீநிரல், கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற எடுத்துக்கொண்ட வழிகளில் ஒன்று டாஸ்க் ஷெட்யூலர்தான்! பணியின் எக்ஸ்எம்எல் கோப்பை யாரும் திருத்தவில்லை என்று சரிபார்க்க விண்டோஸ் நம்பியிருந்தது சிஆர்சி32 என்ற எளிய கூட்டல் முறையை. கோப்பை மாற்றிவிட்டு அதே விடை வரும்படி செய்வது அதில் எளிது. 2010 டிசம்பரில்தான் மைக்ரோசாப்ட் அந்த ஓட்டையை அடைத்தது. ஆகவே உங்கள் பணிப்பட்டியலை மாதம் ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். நீங்கள் வைக்காத, பெயர் புரியாத ஒன்று அங்கே இருந்தால் விசாரியுங்கள்.

பழைய 32 பிட் கணினிகளின் யூனிக்ஸ் கடிகாரம் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு நிரம்பி வழியப்போகிறது. பிரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறியிருக்கும் நேரம். இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் அன்று முப்பதை நெருங்கும் பொறியியலாளர்களாக இருப்பார்கள். அந்தக் கணினிகளைச் சரிசெய்யும் கைகளில் அவர்களுடைய கைகளும் இருக்க வேண்டும்.

காவத்தையிலும் பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் கணினி வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேர்டும் பவர்பொயின்டும் சொல்லிக்கொடுத்த கையோடு, ஒரு பணியை நிரலால் உருவாக்கவும் சொல்லிக்கொடுங்கள். முதல் பயிற்சியாக அம்மா அப்பாவின் இந்த மாதப் பேர்க் கணக்கை ஒரு கோப்பில் எழுதவைத்து, பத்தாம் தேதி காலை ஆறு மணிக்கு அதைக் கூட்டித் திரையில் காட்டும் பணியொன்றைப் பிள்ளைகள் எழுதட்டும். சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள்.